எந்த வழக்கு எந்தக் கோர்ட்டுக்கு? அமெரிக்க நீதிமன்றங்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

2024 மே மாதக் கடைசியில், டொனால்ட் டிரம்ப் மீதான 34 குற்றச்சாட்டுகளும் நிரூபணமானதாக நியூயார்க்கில் ஒரு ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த குழு, அறிவித்தது. மறுநாள் காலை ஊரிலிருந்து மாமா கூப்பிட்டார். "சுப்ரீம் கோர்ட்டே குற்றவாளின்னு சொல்லிடுச்சாமே. இனிமே அப்பீலுக்கு ஏது இடம்? ஆளு அவ்வளவுதான்!"

மாமா சொன்னதில் பாதி சரி. அந்த வழக்கு நடந்த நீதிமன்றத்தின் பெயர் உண்மையிலேயே சுப்ரீம் கோர்ட்தான். ஆனால் நியூயார்க் மாநிலத்தில் அந்தப் பெயர் விசாரணை நீதிமன்றத்துக்கு உரியது. அதாவது சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி, வழக்கை முதன்முதலாக நடத்தும் இடம். அதற்கு மேல் ஒரு அப்பீல் கோர்ட், அதற்கும் மேல் மாநிலத்தின் உச்சியில் 'கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்' என்று ஒன்று. வாஷிங்டனில் ஒன்பது நீதிபதிகள் உட்காரும் சுப்ரீம் கோர்ட் இவற்றில் எதுவுமே இல்லை.

அமெரிக்க வழக்குகளைப் பற்றி வாட்ஸப்பில் வரும் செய்திகளில் பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. "அமெரிக்க நீதிமன்றம் அதிரடித் தீர்ப்பு" என்று போடுகிறார்கள். எந்த நீதிமன்றம் என்று போடுவதில்லை. அது தெரியாவிட்டால் செய்தியில் பாதி தெரியவில்லை என்று அர்த்தம்.

"இது எங்க லிமிட் இல்லை"

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒருவரின் செயினை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் பக்கத்து ஸ்டேஷனுக்கு ஓடுகிறார். அங்கே முதல் கேள்வி, "ரோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்பதுதான். அந்தப் பக்கம் என்றால், "அது எங்க லிமிட் இல்லைங்க". எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கத்தான் வேண்டும் என்று இப்போது சட்டம் இருக்கிறது. நடைமுறை எப்படி என்பது புகார் கொடுக்கப் போனவர்களுக்குத் தெரியும்.

இந்த 'லிமிட்'டைத்தான் சட்டத்தில் அதிகார வரம்பு என்கிறார்கள். ஒரு வழக்கை எடுத்து, விசாரித்து, சம்பந்தப்பட்டவர்களைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பைச் சொல்ல ஒரு நீதிமன்றத்துக்கு இருக்கும் அதிகாரம் அது. யார் பக்கம் நியாயம் என்ற கேள்வி அப்புறம் வருவது. அதைக் கேட்க இந்த நீதிமன்றத்துக்கு உரிமை உண்டா என்பதுதான் முதலில்.

லிமிட் என்றால் ஊர் எல்லை மட்டும் என்று நினைக்க வேண்டாம். தெருவில் பள்ளம் விழுந்தால் மாநகராட்சியில் புகார் சொல்கிறோம். அவர்கள் வந்து பார்த்துவிட்டு, "இது ஹைவேஸ் ரோடு, அவங்ககிட்ட சொல்லுங்க" என்கிறார்கள். ஒரே ஊர், ஒரே வார்டு. ஆனாலும் ரோடு எந்த வகை என்பதைப் பொறுத்து அலுவலகம் மாறுகிறது. அமெரிக்க நீதிமன்றங்களிலும் இதே மாதிரி இரண்டு கேள்விகள் உண்டு: இந்த வகை வழக்கு இங்கே வரலாமா? இந்த ஆளை இங்கே இழுக்கலாமா? இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால்தான் வழக்கு நகரும்.

ஒரு ஏணி அல்ல, ஐம்பத்தொன்று

இந்தியாவில் நமக்குப் பழக்கம் ஒரே ஏணி. முன்சீஃப் கோர்ட்டில் ஆரம்பித்த நிலத் தகராறு மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று ஏறி டெல்லி வரை போகலாம். மாநில அரசின் சட்டமானாலும் நாடாளுமன்றத்தின் சட்டமானாலும் அதே நீதிபதிதான் விசாரிக்கிறார்.

அமெரிக்கா அப்படி உருவாகவில்லை. அங்கே மாநிலங்கள் முந்தியவை, நாடு பிந்தியது. 1787-இல் அரசமைப்புச் சட்டத்தை எழுத உட்கார்ந்தபோது 13 மாநிலங்களிலும் ஏற்கெனவே நீதிமன்றங்கள் நடந்துகொண்டிருந்தன. யாரும் தங்கள் கோர்ட்டுகளைக் கலைக்கத் தயாராக இல்லை. அதனால் புதிய சட்டம் ஒரே ஒரு சுப்ரீம் கோர்ட்டை மட்டும் ஏற்படுத்தி, கீழே வேறு நீதிமன்றங்கள் வேண்டுமா என்பதைக் காங்கிரஸ் எனப்படும் அவர்களுடைய நாடாளுமன்றத்தின் கையில் விட்டுவிட்டது. காங்கிரஸ் 1789-லேயே ஒரு சட்டம் போட்டு, நாடு முழுமைக்குமான இரண்டாவது அமைப்பைப் பழையதற்குப் பக்கத்திலேயே கட்டியது. இந்த இரண்டாவது அமைப்புக்குப் பெயர் ஃபெடரல் நீதிமன்றங்கள். ஃபெடரல் என்றால் மாநிலத்தைச் சேராதது, வாஷிங்டனில் இருக்கும் தேசிய அரசைச் சேர்ந்தது.

ஃபெடரல் ஏணிக்கு மூன்று படிகள். அடியில் 94 மாவட்ட நீதிமன்றங்கள். நடுவில் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள். இவற்றை 'சர்க்யூட்' என்பார்கள். முன்பு நீதிபதிகள் குதிரையில் சுற்றுப்பயணம் போய் வழக்கு கேட்டதன் மிச்சம் அந்தப் பெயர். உச்சியில் சுப்ரீம் கோர்ட். அங்கே 1869 முதல் ஒன்பது நீதிபதிகள்.

இதற்குப் பக்கத்தில் 50 மாநிலங்களுக்கும் ஆளுக்கொரு தனி ஏணி. பெயர்களில் ஒழுங்கு எதிர்பார்க்கக் கூடாது. டெக்ஸஸில் உச்ச நீதிமன்றமே இரண்டு. சொத்து, பணத் தகராறுகளுக்கு ஒன்று, குற்ற வழக்குகளுக்கு ஒன்று. மேரிலாந்தும் நியூயார்க் மாதிரியே தன் உச்ச நீதிமன்றத்தை 'கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்' என்றுதான் அழைத்துவந்தது. போதும் இந்தக் குழப்பம் என்று 2022 டிசம்பரில் பெயரை மாற்றிக்கொண்டது.

நீதிபதிகளும் இரண்டு ரகம். ஃபெடரல் நீதிபதிகளை ஜனாதிபதி நியமிக்கிறார், காங்கிரஸின் மேலவையான செனட் ஒப்புதல் தருகிறது, பதவி ஆயுளுக்கும். பல மாநிலங்களிலோ நீதிபதி தேர்தலில் நிற்கிறார். வீட்டு வாசல் புல்வெளியில் 'நீதிபதி பதவிக்கு இன்னாரைத் தேர்ந்தெடுங்கள்' என்று அட்டை நட்டிருப்பார்கள். முதன்முதலாகப் பார்க்கும் நம்மாட்களுக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

இதுவரை பார்த்தது: அமெரிக்காவில் ஒரே தெருவில் இரண்டு வகைக் கோர்ட்டுகள். ஒன்று மாநிலத்தின் சொத்து, இன்னொன்று தேசிய அரசின் சொத்து. மாநிலக் கோர்ட் ஃபெடரல் கோர்ட்டுக்குக் கீழ்ப்படி கிடையாது, அது வேறு ஏணி.

எந்த வகை வழக்கு எங்கே போகும்?

கொலை, திருட்டு, வாடகைத் தகராறு, விபத்து, விவாகரத்து, உயில் என்று மனிதர்களின் அன்றாடச் சண்டைகள் கிட்டத்தட்ட எல்லாமே மாநில நீதிமன்றங்களில்தான். டி.வி.யில் நாம் பார்ப்பது வாஷிங்டன் என்றாலும், வழக்குகளின் பெரும் பகுதி நடப்பது மாநிலங்களில்.

ஃபெடரல் நீதிமன்றம் வாசலில் ஆள் நிறுத்திய கடை மாதிரி. குறிப்பிட்ட சில வழக்குகளை மட்டுமே உள்ளே விடும். முதல் வகை, ஃபெடரல் சட்டத்தையோ அரசமைப்புச் சட்டத்தையோ அடிப்படையாகக் கொண்ட வழக்கு: காப்புரிமை, திவால், குடியுரிமை, தேசிய அரசின் உத்தரவை எதிர்ப்பது போன்றவை. அடுத்தது, அமெரிக்க அரசே ஒரு தரப்பாக இருக்கும் வழக்கு.

மூன்றாவது வகைதான் வேடிக்கையானது. வாதி ஒரு மாநிலத்தவர், பிரதிவாதி வேறு மாநிலத்தவர், தகராறு 75,000 டாலருக்கு மேல் என்றால், விஷயம் வெறும் கார் விபத்தாக இருந்தாலும் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போகலாம். "அவன் ஊரில் போய் வழக்குப் போட்டால் அவன் ஆளுங்களே நீதிபதியும் ஜூரியும். எனக்கு எங்கே நியாயம் கிடைக்கும்?" என்ற பழைய சந்தேகத்துக்குச் செய்த ஏற்பாடு. டல்லஸில் இருக்கும் டெக்ஸஸ்காரர் மீது இந்தியக் குடிமகன் ஒருவர் வழக்குப் போட்டாலும் இதே வாசல் திறக்கும். அவர் கிரீன் கார்டு வாங்கி அதே டெக்ஸஸில் குடியிருப்பவர் என்றால் திறக்காது.

இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. 1806-இலிருந்து வருவது. வாதிகளில் ஒருவரும் பிரதிவாதிகளில் ஒருவரும் ஒரே மாநிலத்தவர் என்றாலும் போச்சு, அந்த வாசல் மூடிவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் ஒரு கார் வரும்.

இந்த வரம்பை நீதிமன்றங்கள் எவ்வளவு கறாராகப் பார்க்கின்றன என்பதற்கு 1804-இல் நடந்த ஒரு வழக்கைச் சொல்வார்கள். ஒருவர் தானே விரும்பி ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். தோற்றுப்போனார். பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், "நான் வழக்குப் போட்ட கோர்ட்டுக்கு இதை விசாரிக்கவே அதிகாரம் இல்லை, எங்கள் இருவரின் மாநிலத்தைப் பற்றி மனுவில் எதுவுமே எழுதவில்லை" என்றார். போட்டதே இவர்தானே என்று கேட்கத் தோன்றும். ஆனால் சுப்ரீம் கோர்ட் அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு, தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. வழக்கின் வகை சம்பந்தப்பட்ட வரம்பை இரு தரப்பும் கைகுலுக்கி ஒப்புக்கொண்டாலும் தாண்ட முடியாது.

சரி, இப்படி ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போன கார் விபத்துக்கு எந்தச் சட்டம்? மாநிலச் சட்டம்தான். கட்டிடம் மட்டும்தான் ஃபெடரல். இதை 1938-இல் சுப்ரீம் கோர்ட் முடிவுசெய்தது. பென்சில்வேனியாவில் இரவில் தண்டவாளத்தை ஒட்டி நடந்துபோன ஒருவரை, ஓடும் சரக்கு ரயிலிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அடித்தது. வலது கை போய்விட்டது. ரயில் நிறுவனம் நியூயார்க்கைச் சேர்ந்தது என்பதால் அவர் அங்கே ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு 30,000 டாலர் வென்றார். தண்டவாளத்தை ஒட்டி நடப்பவரை அத்துமீறி நுழைந்தவராகப் பார்க்கும் பென்சில்வேனியாச் சட்டம் தன்னைக் காப்பாற்றும் என்றது நிறுவனம். ஃபெடரல் நீதிபதிகள் தங்களுக்கென்று ஒரு பொதுச் சட்டத்தைத் தாங்களாகவே உருவாக்கிக்கொள்ள முடியாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அவருக்குப் பணம் கிடைக்கவில்லை.

சுருக்கமாக: மாநில நீதிமன்றம் பொதுக் கடை, ஏறக்குறைய எதற்கும் போகலாம். ஃபெடரலுக்குப் போக ஒரு காரணம் காட்ட வேண்டும். சட்டத்தின் தன்மையோ, ஆட்களின் மாநிலமோ அந்தக் காரணமாக இருக்கலாம்.

இந்த ஆளை இங்கே இழுக்கலாமா?

வழக்கின் வகை பொருந்திவிட்டது. ஆனால் பிரதிவாதி இரண்டாயிரம் மைல் தள்ளி இருக்கிறார். "வா" என்றால் வர வேண்டுமா?

செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு ஷூ நிறுவனம் இருந்தது. நாட்டின் மறுகோடியில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தில் (தலைநகர் வாஷிங்டன் வேறு) அதற்கு ஆபீஸ் கிடையாது, சரக்கு கிடையாது. 1930-களின் கடைசியில் பதினொன்று முதல் பதின்மூன்று விற்பனையாளர்கள் மட்டும் அங்கே சுற்றினார்கள். அவர்கள் பெட்டியில் மாதிரிக்கு இருந்ததெல்லாம் ஒற்றை ஷூ. ஜோடியில் ஒன்று மட்டும். ஒற்றை ஷூவை யாரும் வாங்கிப் போட்டுக்கொண்டு போக முடியாது அல்லவா? ஓட்டலில் அறை எடுத்துக் காட்டுவார்கள், ஆர்டரை எழுதி செயின்ட் லூயிஸுக்கு அனுப்புவார்கள், சரக்கு அங்கிருந்து வரும். மாநில அரசு, உங்கள் ஊழியர்களுக்கான வேலையிழப்பு நிதிக்குப் பணம் கட்டுங்கள் என்றது. நாங்கள் உங்கள் மாநிலத்தில் இல்லவே இல்லை, உங்கள் நீதிமன்றம் எங்களைக் கூப்பிட முடியாது என்றது நிறுவனம்.

1945-இல் சுப்ரீம் கோர்ட், முடியும் என்றது. ஒரு மாநிலத்தோடு வழக்குக்குச் சம்பந்தமான குறைந்தபட்சத் தொடர்பை ஒருவர் தானாக ஏற்படுத்திக்கொண்டிருந்தால், அந்த மாநிலத்தின் நீதிமன்றம் அவரைக் கூப்பிடலாம். வருடக்கணக்கில் ஆள் வைத்து ஆர்டர் பிடித்தாயிற்று, லாபமும் பார்த்தாயிற்று. பிறகு அந்த ஊர்க் கோர்ட்டுக்குப் பதில் சொல்வதில் என்ன அநியாயம்? இன்றைக்கு இணையத்தில் விற்பவர்கள் மீதான வழக்குகளிலும் இந்த ஒற்றை ஷூ தீர்ப்பைத்தான் புரட்டுகிறார்கள்.

இப்போது அந்தக் கார். நியூயார்க் மாநிலத்தில் ஒரு குடும்பம் ஆடி கார் வாங்கியது. அடுத்த வருடம், 1977-இல், அரிசோனாவில் குடியேறப் புறப்பட்டார்கள். வழியில் ஓக்லஹோமாவில் பின்னாலிருந்து வேறு கார் மோதித் தீப்பிடித்தது. தாயும் இரண்டு பிள்ளைகளும் கடுமையாகத் தீக்காயமடைந்தார்கள். காரின் வடிவமைப்பில் கோளாறு என்று ஓக்லஹோமா மாநில நீதிமன்றத்தில் வழக்கு. தயாரிப்பாளரோடு சேர்த்து, நியூயார்க்கில் காரை விற்ற டீலரையும் அவருக்குச் சரக்குக் கொடுத்த விநியோகஸ்தரையும் இழுத்துவிட்டார்கள்.

பெரிய கம்பெனி இருக்க, டீலரையும் பிடிப்பானேன்? அரிசோனா போய்ச் சேராததால் சட்டத்தின் கண்ணில் அந்தக் குடும்பம் இன்னும் நியூயார்க்கைச் சேர்ந்ததுதான். டீலரும் நியூயார்க். இரு பக்கமும் ஒரே மாநிலத்து ஆள் இருக்கும்வரை, 1806 விதிப்படி கம்பெனி வழக்கை ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மாற்ற முடியாது. விபத்து நடந்த மாவட்டத்து மாநில ஜூரிகள் காயம்பட்டவர்களுக்குத் தாராளமாக இழப்பீடு கொடுப்பவர்கள் என்று பெயர். அதுதான் கணக்கு.

டீலரும் விநியோகஸ்தரும் சுப்ரீம் கோர்ட் வரை போய், ஓக்லஹோமாவில் நாங்கள் ஒரு காரும் விற்றதில்லை, விளம்பரமும் செய்ததில்லை என்றார்கள். 1980-இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. கார் உருண்டு எங்கே வேண்டுமானாலும் போகும். அதற்காக விற்றவரையும் கூடவே இழுக்க முடியாது. அவர்கள் விலகியதும் நியூயார்க் ஆள் யாரும் பிரதிவாதியாக இல்லை. கம்பெனி வழக்கை ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மாற்றியது. அங்கே ஜூரி கம்பெனி பக்கம் நின்றது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு பழைய விதியும் உயிரோடு இருக்கிறது. ஒரு மாநிலத்துக்குள் இருக்கும்போது ஒருவர் கையில் சம்மனைக் கொடுத்துவிட்டால் போதும், அவர் அங்கே ஒரே ஒரு நாள் தங்க வந்திருந்தாலும் மாட்டினார். மெம்ஃபிஸிலிருந்து டல்லஸுக்குப் பறந்துகொண்டிருந்த விமானம் ஆர்கன்சா மாநிலத்துக்கு மேலே போகும்போது ஒரு பயணிக்குச் சம்மன் கொடுத்தார்கள். செல்லும் என்று 1959-இல் ஒரு ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வழக்கின் வகை பற்றிய வரம்புக்கும் ஆள் பற்றிய வரம்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. முன்னதை யாராலும் விட்டுக்கொடுக்க முடியாது. பின்னது பிரதிவாதியின் சொந்தப் பாதுகாப்பு. அவர் முதலிலேயே ஆட்சேபிக்காமல் வழக்காட இறங்கிவிட்டால், ஒப்புக்கொண்டதாகவே அர்த்தம்.

ஒரே செயல், இரண்டு வழக்கு

1991-இல் லாஸ் ஏஞ்சலஸில் போலீஸ்காரர்கள் ஒரு கறுப்பினத்தவரை அடித்துத் துவைக்கும் வீடியோ உலகம் முழுக்க ஓடியது. 1992-இல் மாநில நீதிமன்ற ஜூரி அவர்களைத் தண்டிக்கவில்லை. நகரம் பற்றி எரிந்தது. 1993-இல் ஃபெடரல் நீதிமன்றத்தில் அதே நால்வர் மீது மறுபடியும் வழக்கு நடந்து, இருவருக்குச் சிறை. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறதே?

அங்கே மாநிலமும் தேசமும் இரண்டு தனி அரசுகள். ஒரே அடி இரண்டு அரசுகளின் சட்டத்தையும் மீறியது என்றால் அவை இரண்டு குற்றங்கள். துப்பாக்கி வைத்திருந்த ஒருவரை அலபாமா மாநிலமும் ஃபெடரல் அரசும் தனித்தனியே தண்டித்ததை 2019-இல் சுப்ரீம் கோர்ட் 7-2 என்று ஏற்றது. மன்னிப்பும் இப்படித்தான் பிரிகிறது. ஜனாதிபதி ஃபெடரல் குற்றங்களை மட்டுமே மன்னிக்கலாம். நியூயார்க்கின் 34 குற்றச்சாட்டுகள் அவர் பேனாவுக்கு எட்டாதவை. மாமாவுக்கு இதைச் சொன்னபோது, "ஜனாதிபதியாலேயே முடியாதா?" என்று இரண்டு முறை கேட்டார்.

உச்சியில் இருப்பவர் என்ன செய்வார்?

வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஆயிரக்கணக்கில் மனுக்கள் போகின்றன. ஒன்பது பேரில் நால்வர் கேட்கலாம் என்றால்தான் உள்ளே வரும். ஒரு வருடத்தில் விரிவாகக் கேட்கப்படுபவை அறுபது, எழுபது. மனுவைத் தள்ளினால் 'கீழ்க் கோர்ட் தீர்ப்பு சரி' என்று சொல்லிவிட்டதாகச் செய்தி போடுகிறார்கள். அப்படி இல்லை. கேட்க விரும்பவில்லை, அவ்வளவுதான். மாநில உச்ச நீதிமன்றங்களிலிருந்தும் வழக்கு இங்கே வரலாம், ஆனால் அதில் ஃபெடரல் சட்டக் கேள்வி இருக்க வேண்டும். ஓஹையோ மாநிலத்தின் சட்டத்துக்கு என்ன பொருள் என்பதில் ஓஹையோ உச்ச நீதிமன்றத்தின் சொல்லே கடைசி.

நடுப்படியான சர்க்யூட்டுகளின் தீர்ப்பு அந்தந்தப் பகுதியை மட்டும் கட்டுப்படுத்தும். கலிஃபோர்னியா அடங்கிய ஒன்பதாவது சர்க்யூட் சொன்னது டெக்ஸஸைக் கட்டாது. அப்படியானால் எங்கோ ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுவதற்கும் தடை போட்டதாகச் செய்தி வந்ததே? வந்தது. 2017-இல் சியாட்டில் நீதிபதி ஒருவர், சில நாட்டவர் அமெரிக்காவுக்குள் வரக் கூடாது என்ற டிரம்பின் பயணத் தடை உத்தரவை நாடு முழுக்க நிறுத்தினார். அமெரிக்காவில் பிறந்தால் கிடைக்கும் குடியுரிமையைக் கட்டுப்படுத்தும் டிரம்பின் உத்தரவு பற்றிய வழக்கில், 2025 ஜூனில், வழக்குப் போட்டவர்களைத் தாண்டி எல்லோருக்குமாக இப்படித் தடை போடும் பழக்கத்துக்குச் சுப்ரீம் கோர்ட் கடிவாளம் போட்டது. ஒரே நிலையில் உள்ள பலருக்காகச் சேர்ந்து போடும் குழு வழக்கு என்ற வழி இன்னும் திறந்திருக்கிறது.

அங்கே இருக்கும் நம்மவர்களுக்கு

'இமிக்ரேஷன் கோர்ட்' என்ற பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். அது மேலே சொன்ன எந்த ஏணியிலும் இல்லை. அங்கே நீதிபதி என்று உட்கார்ந்திருப்பவர் நீதித்துறை அமைச்சகத்தின் ஊழியர். ஆயுள் பதவி கிடையாது. அங்கே தோற்று, அமைச்சகத்தின் அப்பீல் வாரியத்திலும் தோற்ற பிறகுதான் சர்க்யூட் நீதிமன்றம் என்ற உண்மையான ஃபெடரல் படிக்கு வர முடியும்.

விவாகரத்து முழுக்க மாநிலத்தின் வேலை. ஃபெடரல் நீதிமன்றம் விவாகரத்து கொடுக்காது. ஒவ்வொரு மாநிலமும் இத்தனை நாள் இங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்று கேட்கும். கலிஃபோர்னியா ஆறு மாதம், நெவாடா ஆறு வாரம், மிசௌரி 90 நாள்.

அந்த 90 நாளால் வந்த ஒரு வழக்கு இந்தியாவில் பிரபலம். 1975-இல் திருப்பதியில் கல்யாணம். சில வருடத்தில் பிரிவு. கணவர் மிசௌரிக்குப் போய், நாள் கணக்கை நிறைவுசெய்து, அதே செயின்ட் லூயிஸ் பகுதி நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கினார். ஊரிலிருந்த மனைவி, அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று ஆட்சேபித்துத் தபாலில் பதில் அனுப்பினார். 1981-இல் கணவர் மறுமணம் செய்துகொண்டதும், முதல் மனைவி இருதார மணப் புகார் கொடுத்தார். வழக்கு டெல்லி வரை வந்தது. இந்து திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணத்தை, வழக்குக்காகக் கணவர் தற்காலிகமாகத் தங்கிய ஊரின் கோர்ட், அந்தச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக, மனைவி அதிகாரத்தை ஒப்புக்கொள்ளாத நிலையில் முறித்துவிட முடியாது என்று 1991-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருதார மண வழக்கை மேற்கொண்டு நடத்தும்படி மாஜிஸ்திரேட்டுக்கு உத்தரவு போனது. மிசௌரியின் கணக்கில் அவர் விவாகரத்தானவர், இங்கே இன்னும் முதல் மனைவியின் கணவர்.